மீதிச் சாட்சி

ரீனாவின் முன்பல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனை முடிந்து வந்து, தலை முக்காட்டைக்கூட அவள் இன்னும் எடுக்கவில்லை. மீன்குழம்பில் புளி கூடிப்போயிற்று என்பது காரணம். காரணம் என்று ஒன்று வேண்டுமே. புளி சரியாக இருந்திருந்தால் உப்பு அகப்பட்டிருக்கும், உப்பும் சரியாக இருந்திருந்தால் அவள் நின்ற விதம் அகப்பட்டிருக்கும்.

அருமைராஜ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். முஷ்டி வாயில் இறங்கியது. அவள் பின்னால் சாய்ந்து அடுப்பு மேடையின் கல்விளிம்பில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விழுந்தவளை அவன் அப்படியே விடவில்லை. கொண்டையைப் பிடித்துத் தூக்கி, அதே இடத்தில் இன்னொன்று வைத்தான். வெள்ளைச் சேலையின் முன்பக்கம் முழுக்கச் சிவந்தது. நாக்கில் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது, துப்பினாள், பல்.

"கழுவிட்டு வா. சாயங்காலம் வீட்டு ஜெபம் நம்ம முறை. பாயசம் வைக்கணும்லா" என்றான். மூச்சு வாங்கவில்லை, நாக்குக் குழறவில்லை. குடித்திருந்தால்தானே குழறும். அவன் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரும் சபையும் கொண்டாடிய அதிசயம் அது. அந்த அதிசயத்தைச் சபை நடுவில் நின்று மைக்கில் சொன்னவளே ரீனாதான்.

குளியலறைக் கதவருகே மகள் அம்ருதா நின்றாள். பதினாலு வயது. அக்கம்பக்கத்து மராட்டிக்காரர் வாயில் சிரமமில்லாமல் நுழையட்டும் என்று தாத்தா வைத்த பெயர். அவள் அழவில்லை. குனிந்து பல்லைப் பொறுக்கி, குழாயில் அலம்பி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "மம்மி, டாக்டர் இத திரும்ப வைக்க முடியும்னு நீதான சொன்ன. பால்ல போட்டு வைக்கணும். ஜல்தி போலாம்."

போகவில்லை. வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்களிடம், குளியலறையில் வழுக்கிவிட்டது என்று வீங்கிய உதட்டோடு ரீனா சொன்னாள். எல்லாரும் சேர்ந்து அவள் சுகத்துக்காக ஜெபித்தார்கள். அருமைராஜ் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தான். பல் பாலில் கிடந்தே வீணாயிற்று.

ரீனா பிறந்ததும் வளர்ந்ததும் மராட்டிய மண்ணில், தேஹு ரோட்டில். அப்பா பொன்னையா, சாயர்புரத்தில் இருந்து வந்து ராணுவ டிப்போவில் ஸ்டோர்மேனாக இருந்தவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, பள்ளியில் மராட்டி என்று மூன்றையும் சண்டையில்லாமல் பேசிப் பழகியவள். பன்னிரண்டாவது முடித்ததும் நிக்டியில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். டாக்டர் ரோஹிணி அப்போதுதான் படிப்பை முடித்து கிளினிக் திறந்திருந்தார். கருவிகளை வேகவைத்து அடுக்குவது, கலவை குழைப்பது, வாயைத் திறக்கப் பயப்படுகிற பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் ரீனாவின் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த கிளினிக்கில் ஒரு சண்டை அடிக்கடி நடக்கும். ரூட் கெனால் செய்யவந்தவர்கள், உள்ளே சீழ் இன்னும் கசிந்துகொண்டிருக்கும்போதே மேலே கேப் போட்டு அனுப்பச் சொல்வார்கள். கல்யாணம் இருக்கிறது, போட்டோ இருக்கிறது என்பார்கள். டாக்டர் ரோஹிணி மாட்டார். சீழ் நிற்கும்வரை திறந்து கழுவி, மருந்து வைத்து, திரும்ப வரச் சொல்வார். மேலே பளபளவென்று மூடிவிட்டால் கீழே தாடையே புழுத்துப்போகும் என்று மராட்டியில் ஒரே வாக்கியத்தை எல்லாரிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு ரீனாவுக்கே அது மனப்பாடம். தன் வாழ்க்கையில் மட்டும் அதை மறந்துபோனாள்.

அருமைராஜைக் கொண்டுவந்தது சபையில் ஒரு பெரியவர். நாசரேத் பக்கத்துப் பையன், நல்ல குடும்பம், தளேகாவில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகப்பன் இவனைக் கட்டிவைத்து அடித்து வளர்த்தான் என்பதை மட்டும் பெரியவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது. கல்யாணமாகி இரண்டாம் மாதமே முதல் அறை. கட்டிலில் கிடந்த ஈரத்துண்டுக்காக. பிறகு பெல்ட். பிறகு குக்கர் மூடி. அம்ருதா வயிற்றில் இருந்தபோது பீரோக் கதவில் தலையை வைத்து மோதினான். இடது காதில் இன்றைக்கும் ஒரு இரைச்சல் உண்டு. பொன்னையாவுக்குத் தெரியும். ஒருதரம் மருமகனை அழைத்து, "தம்பி, பிள்ள மேல கை வைக்காதிய" என்று கும்பிட்டார். அன்று வீட்டுக்குப் போனதும் ரீனாவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது. அதற்கப்புறம் அவர் கும்பிடவில்லை. கொஞ்ச நாளில் செத்தும் போனார்.

சபையில் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: குடிதான் பிசாசு, குடி போனால் எல்லாம் சரியாகும். ரீனாவும் நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள். நம்புவதற்கு வேறு என்ன இருந்தது. குடியை விட்டால் சபை நடுவில் நின்று சாட்சி சொல்கிறேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை பண்ணினாள். உபவாச ஜெபத்தில் பாஸ்டர் அவன் நெற்றியில் எண்ணெய் பூசினார். அவன் தரையில் விழுந்து உருண்டு, செத்துப்போன தகப்பனைச் சொல்லி அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. மறுநாள் முதல் அவன் குடிக்கவில்லை, அதுவும் பொய்யில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, சாட்சி வேளையில், ரீனா எழுந்து நின்றாள். ஹார்டுவேர் கடைக்கு மேலே உள்ள அந்தச் சின்ன மண்டபம் அன்று நிறைந்திருந்தது. "கல் மாதிரி இருந்த மனுஷன ஆண்டவர் மாத்திட்டாவ. என் வீட்டுல இப்ப சமாதானம் இருக்கு" என்றாள். அதுவரை உண்மைதான். பெண்கள் பக்கம் விசும்பல், ஆண்கள் பக்கம் அல்லேலூயா. பாஸ்டரம்மா அதைப் போனில் எடுத்து எல்லா குரூப்புக்கும் அனுப்பினார். சென்னையில் இருந்தும் தூத்துக்குடியில் இருந்தும் முன்பின் தெரியாத பெண்கள் பதில் அனுப்பினார்கள். அருமைராஜை ஆண்கள் ஐக்கியத்துக்குத் தலைவராக்கினார்கள்.

அந்த வாரமே அடித்தான். சுத்தமாக, நிதானமாக, ஒரு சொட்டுக் குடிக்காமல்.

அன்றுதான் ரீனாவுக்கு உண்மையான பயம் பிடித்தது. குடித்துவிட்டு அடித்தபோது, அடிப்பது குடி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அடிப்பது யார்? சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது? சாட்சி சொன்னவள் அவள். சொன்ன வாயாலேயே இல்லை என்றால் சாட்சி கெட்டுப்போகும். ஆண்டவர் நாமத்துக்கு அவமானம் வரும். அந்த வீடியோவைப் பார்த்து நம்பியவர்கள் எல்லாம் விழுந்துபோவார்கள். இந்தச் சபைக்காரர்கள் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்த முட்டாள்தனத்தில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். கர்த்தருடைய மானத்தைத் தன் முதுகைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் மனசார நினைத்தாள். கேட்டிருந்தால் கர்த்தரே வேண்டாம் என்றிருப்பார்.

அவனும் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அடித்து முடித்ததும் சிரித்துக்கொண்டே கேட்பான், "போய்ச் சொல்லேன். சாட்சிக்காரி நீதான."

பல் போன மறுநாள் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் ரோஹிணி அவளை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைத் திருப்பினார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றாள் ரீனா. டாக்டர் அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "விழுந்தால் கையையாவது ஊன்றியிருப்பாய். கையில் ஒரு கீறல் இல்லை. உதடு உள்பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது" என்று மராட்டியில் மெதுவாகச் சொன்னார். ரீனா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். டாக்டர் மேலே கேட்கவில்லை. காயம் ஆறுகிறவரைக்கும் போட்டுக்கொள்ள, கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல் பிளேட் ஒன்றைச் செய்துகொடுத்தார். மாட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. சிரிக்கவே செய்யலாம்.

அந்த வாரத்தில் வைஷு போன் பண்ணினாள். விஷ்ராந்த்வாடிக்காரி, கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷனுடைய உதை தாங்காமல் கிர்க்கியில் அம்மா வீட்டில் வந்து இருந்தாள். ரீனாவின் வீடியோவைப் பார்த்துத்தான் இந்தச் சபைக்கே வரத்தொடங்கியவள். "அக்கா, அவர் வந்து கூப்பிடறார். அழறார். ஜெபம் பண்ணிட்டாராம், மாறிட்டாராம். நீங்க பொறுமையா இருந்தீங்க, உங்களுக்குப் பலன் கெடச்சுது. நான் திரும்பப் போகட்டுமா?"

ரீனாவின் வாயில் பிளேட் புதுசு, இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். போகாதே என்று ஒரு வார்த்தை. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "போ தாயி. ஆண்டவர் பாத்துக்குவாவ" என்றாள்.

போனை வைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. அருமைராஜின் எந்த அடிக்கும் அவளுக்கு அப்படிக் கூசியதில்லை.

பத்து நாள் போகவில்லை. கிளினிக்கில் மத்தியான வேளை, வைஷுவின் அம்மா போனில் அழுதாள். புருஷன் இரண்டாவது மாடிப் படியில் இருந்து தள்ளிவிட்டிருக்கிறான். விழுந்தவளின் கையை மிதித்திருக்கிறான். எலும்பு வெளியே வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, ரீனா அக்காவிடம் ஜெபிக்கச் சொல்லுங்கள் என்றாளாம். அதைக் கேட்டதும் ரீனா தலைவலி என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து விகாஸ் நகர் வீட்டுக்கு வந்தாள்.

அருமைராஜுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. பற்கள் எல்லாம் ஒழுங்காக, வரிசையாக இருந்தன. ரீனா அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சமையல் கட்டுக்குப் போய், இஞ்சி இடிக்கிற சின்ன உரலான கல்பத்தாவில் இருந்து இரும்பு உலக்கையை எடுத்துவந்தாள். கையில் நல்ல கனம்.

தலைமாட்டில் நின்றாள். நெற்றிப்பொட்டில் ஒன்று, கண் திறப்பதற்குள் வாயில் ஒன்று, அப்புறம் நெஞ்சில், அப்புறம் இந்தக் கைகளில், இந்த விரல்களில் ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் மனசுக்குள் முதலிலேயே செய்து முடித்துவிட்டாள். எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது. அதில் அவளுக்கு வெறுப்பில்லை. சந்தோஷமாக இருந்தது, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. உலக்கையை இரண்டு கையாலும் தூக்கினாள். உதடு தன்னால் அசைந்துகொண்டிருந்தது. எப்போதும் ஜெபித்துக்கொண்டே வேலை செய்கிறவள், பழக்கம் விடவில்லை.

"ஆண்டவரே, என் கைகளப் பெலப்படுத்தும்."

சொன்னது அவள் காதில் விழுந்தது. இரண்டாம் தரமும் சொன்னாள், அதுவும் விழுந்தது. யாரிடம் என்ன கேட்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வானத்தில் இருந்து குரல் ஒன்றும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. தன்னுடைய சொந்தக் குரலே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அது அப்படியே அருமைராஜின் குரல். அவள் தலையில் கைவைத்து ஜெபித்த அதே நிதானம், அதே குழைவு.

உலக்கையை இறக்கினாள். அவன் புரண்டு படுத்து, "யாரு" என்றான் தூக்கத்தில். "நாந்தான்" என்றாள். குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பிளேட் தெறித்து விழுந்தது. அதைக் கழுவும்போது முதல்முறையாகச் சத்தமாக அழுதாள். வைஷுவின் கையை உடைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அழுதாள். தன் மகள் நாளைக்கு இதே உலக்கையைத் தேடி எடுப்பாள் என்று அழுதாள். அந்த அழுகையில் ஜெபம் என்று இருந்தது ஒரே வாக்கியம்தான். "இனிமே பொய் சொல்ல என்னால ஏலாது."

கொல்வது சுலபமாக இருந்திருக்கும். அடுத்து அவள் செய்தது அதைவிடக் கஷ்டம். மறுநாள் காலையில் கிளினிக் திறந்ததும், நோயாளி வருவதற்கு முன்னால், டாக்டர் ரோஹிணியின் நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். பிளேட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "மேடம், நான் விழல" என்று தொடங்கி, கல்யாணத்தின் இரண்டாம் மாதம் முதல் சொன்னாள். உலக்கையையும் மறைக்கவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பயப்படுகிற பிள்ளைகளின் கையை ரீனா பிடித்துக்கொள்வாளே, அந்த மாதிரி. கிளினிக்குக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றார். போலீஸுக்குத் தானும் கூட வருவதாகவும், பல்லைப் பற்றித் தான் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க மேடம். எனக்கு ஒரு வேல பாக்கி இருக்கு" என்றாள் ரீனா.

அம்ருதாவை மட்டும் அன்றைக்கே டாக்டர் வீட்டில் விட்டாள். பள்ளியில் புராஜெக்ட், சிநேகிதி வீட்டில் தங்குகிறாள் என்று அருமைராஜிடம் சொன்னாள். அவள் சொன்ன கடைசிப் பொய் அது.

முதல் ஞாயிறு. சாட்சி வேளை. வைஷு வந்திருந்தாள், கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து பின்வரிசையில். புருஷனை மன்னிக்கும்படி அவளிடம் பேச வேண்டும் என்று பாஸ்டரம்மா ஏற்கெனவே ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அருமைராஜ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

ரீனா எழுந்ததும் பாஸ்டரம்மாவின் முகம் மலர்ந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி போனைத் தூக்கிப் பிடித்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் ரீனா. "போன வருஷம் இதே எடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அது பாதிதான். மீதிய இன்னைக்குச் சொல்லிர்றேன். இவிய குடிய விட்டது நெசம். அடிக்கிறத விடல. அது தெரிஞ்சும் ஒங்ககிட்ட நான் சொல்லல. ஆண்டவருக்கு அவமானம் வந்துரும்னு பயந்தேன்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். எனக்கு அவமானம் வந்துரும்னுதான் பயந்தேன். அவர் பேரச் சும்மா இழுத்துக்கிட்டேன்."

பாஸ்டரம்மாவின் கை மெல்ல இறங்கியது. ரீனா வாய்க்குள் விரலைவிட்டு பிளேட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பேச்சு இப்போது காற்றோடு சேர்ந்து வந்தது.

"நான் குளியலறையில வழுக்கல. நான் வேல பாக்குற எடத்துல சீழ் நிக்காம கேப் போட மாட்டாவ. நான் போட்டுட்டேன். அத நம்பி ஒரு பிள்ள திரும்பிப் போயிருக்கு. அந்தக் கைய நானும் சேந்துதான் ஒடச்சிருக்கேன். வைஷு, ஒங்கிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கேன். இன்னும் ஒண்ணு. போன வாரம் இவிய தூங்கையில, கொல்லணும்னு கல்பத்தா ஒலக்கையத் தூக்கிட்டுத் தலமாட்டுல நின்னேன். ஆண்டவர் பேரச் சொல்லிக்கிட்டே நின்னேன். அந்த வீட்டுல இன்னும் இருந்தா ஒண்ணு நான் சாவேன், இல்ல இவியள நான் கொன்னுருவேன். ரெண்டும் எனக்கு வேண்டாம். நான் வீட்ட விட்டு வந்துட்டேன்."

அருமைராஜ் எழுந்தான். சபை நடுவில் அவன் எழுந்து வருவதை எல்லாரும் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வருகிறான் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். பாஸ்டர் அப்படித்தான் நினைத்தார். கையை விரித்து வழிவிட்டார். அவன் வந்து ரீனாவின் கன்னத்தில் அறைந்தான். மைக் தெறித்து ஓடியது. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான். "எவன்ட்டி சொல்லிக்குடுத்தான் ஒனக்கு" என்று மறுபடியும் காலைத் தூக்கியபோதுதான் ஆண்களுக்கு உயிர் வந்தது. ஐந்தாறு பேர் பிடித்தும் அவன் திமிறினான். ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. அந்த நாசரேத் சம்பந்தத்தைக் கொண்டுவந்த பெரியவர் அவர்தான்.

பாஸ்டருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார். கீபோர்டு ஒருமுறை முனகி நின்றது. யாரும் பாடவில்லை.

ரீனா விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வாயில் ரத்தம், கன்னத்தில் விரல் தடம். ஆனாலும் அவளுக்குள் ஒரு லேசு வந்திருந்தது. அதைச் சமாதானம் என்று சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. அந்த வார்த்தையை ஒருதரம் அவசரப்பட்டுச் செலவழித்தவள் அவள்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. வைஷு அம்மாவின் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள். மைக் இல்லை, தேடவும் இல்லை. "எனக்கும் ஒரு சாட்சி இருக்கு" என்றாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கேஸ் நடக்கிறது. ரீனாவும் அம்ருதாவும் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறார்கள். அம்ருதா ஆரம்பத்தில் கதவு அடைபடும் சத்தத்துக்கெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது திடுக்கிடுவதோடு சரி. அருமைராஜ் சாகன் பக்கம் வேறொரு சபைக்குப் போகிறான். மனைவியைப் பிசாசு பிடித்துவிட்டது, தான் பொறுமையாகச் சிலுவை சுமக்கிறேன் என்று அங்கே சாட்சி சொல்கிறானாம். அங்கேயும் கைதட்டுகிறார்களாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளினிக் அடைத்த பிறகு அந்த அறையில் சில பெண்கள் கூடுகிறார்கள். வைஷுதான் டீ போடுவாள், கை முழுசாக மடங்காது, ஆனாலும் அவள்தான் போடுவாள். அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. உள்ளதைச் சொல்கிறார்கள், அப்புறம் ஜெபிக்கிறார்கள். யாரும் மைக் கேட்பதில்லை.

போன மாதம் பாஸ்டர் வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறார். அடிபட்ட பெண்ணைத் திரும்பப் போ என்று சொல்வதை விட்டுவிட்டார். ஆனாலும் பழக்கம் யாரை விட்டது. டீயைக் குடித்துவிட்டுத் தயங்கிக் கேட்டார். "சிஸ்டர், அருமைராஜை மன்னிச்சிட்டேன்னு வர்ற முதல் ஞாயிறு ஒரு சாட்சி சொன்னீங்கன்னா, சபைக்கு ரொம்ப ஆறுதலா இருக்கும். சேர்ந்து வாழச் சொல்லல. மன்னிச்சிட்டேன்னு மட்டும்."

ரீனா யோசித்தாள். தினம் காலையில் அவள் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாள். சில நாள் பெயரைச் சொன்னதும் தாடை இறுகிக்கொள்ளும், அதற்கு மேல் போகாது. சில நாள் கட்டிவைத்து அடிக்கப்பட்ட ஒரு சிறுவனின் ஞாபகம் வரும். அவள் பார்த்தே இராத சிறுவன். அன்றைக்கு ஒரு வாக்கியம் கூடுதலாக ஜெபிப்பாள். அதற்கு அடுத்த நாளே இரும்பு உலக்கை கனவில் வரும். ஆண்டவரிடம் கேட்பது என்னவோ ஒன்றைத்தான்: மன்னிக்க ஆசைப்படுகிற மனசையாவது தாரும் என்று. முன்னெல்லாம் வராத அந்த ஆசை, இப்போது எப்போதாவது வந்துபோகிறது.

"சீழ் இன்னும் வருது பாஸ்டர்" என்றாள். "முன்ன மாதிரி இல்ல, கொறஞ்சிருக்கு. கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன். நின்னதும் நானே வந்து சொல்லுதேன்."

பாஸ்டர் தலையை ஆட்டினார். ரீனா அவர் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.